என் மகனின் கணையமும் மோட்டார் அறையில் சாய்ந்த பாட்டிலும்

கேரள எல்லைக்குள், எருத்தேன்பதிப் பக்கம் ஒரு சிறிய பால் சங்கத்தில் நான் செயலாளர். காலையும் மாலையும் பால் ஊற்ற வருகிற அத்தனை பேருக்கும் என்னையும் என் வீட்டையும் தெரியும். என் மகன் நவீன் பாலக்காட்டு மருத்துவமனையிலிருந்து திரும்பியதும் எல்லோரும் கேட்டார்கள். ஒருவரிடம் அல்சர் என்றேன். இன்னொருவரிடம் குடல்வால் என்றேன். ஒரு நாள் காலை இரண்டு பேரும் கேனோடு ஒரே வரிசையில் நின்றார்கள்.

"அல்சருன்னுதானுங்க என்றகிட்ட சொன்னாரு."

"அட, குடல்வாலுங்க. ஆப்ரேசனே ஆயிருச்சாமா."

நான் பால் சோதிக்கும் இயந்திரத்தில் ஏதோ கோளாறு பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டேன். அன்றைக்குத்தான் இதை எழுதிவிட முடிவு செய்தேன். இந்த நோய் எப்படி வந்தது, எதைக் கவனிக்காமல் விட்டோம் என்று மற்றவர்களுக்குத் தெரிய வேண்டும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், நான் செய்ததை என் கையாலேயே ஒரு முறையாவது சரியாக எழுத வேண்டும் என்பது.

நவீனுக்கு இருபத்து மூன்று வயது. வாளையார் நெடுஞ்சாலையில் ஒரு எடைமேடையில் வேலை. லாரி ஏறும், எடை பார்த்துச் சீட்டுக் கொடுக்க வேண்டும், லாரி இறங்கும். பெரும்பாலும் இரவு முறைதான். லாரிக்காரர்கள் சாப்பிடுகிற கடையில் பரோட்டாவும் சால்னாவும் பொரித்த கோழியும், தூக்கம் வராமல் இருக்க இனிப்புச் சோடாவும். காலையில் வந்து படுத்தால் மதியம் எழுந்திருப்பான். இரண்டு வருடத்தில் இடுப்பில் பழைய பேன்ட் ஒன்றும் ஏறவில்லை. அவன் அம்மா சாந்தாமணி, "சாமி, கொஞ்சம் நடந்துட்டு வாடா" என்பாள். நான் அதையும் கேலி செய்வேன். "லாரிய ஏத்தறதுக்குப் பதிலா இவனை ஏத்தி எடை பாத்தா மேடை உடைஞ்சு போகுமாட்டம் இருக்குது" என்று பந்தியில் உட்கார்ந்திருந்த சொந்தக்காரர்கள் முன்னால் சொல்லியிருக்கிறேன். அவனும் சேர்ந்து சிரித்தான்.

மருத்துவமனைக்குப் போவதற்கு முந்தைய ஆறு மாதங்களில் அவன் சொன்னவை இப்போது ஒவ்வொன்றாக நினைவுக்கு வருகின்றன. அதிகம் தாகமெடுக்கிறது என்றான். வெயில் என்றேன். சாப்பிட்டதும் மேல்வயிறு கனக்கிறது, முதுகு வரை இழுக்கிறது என்றான். நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தால் அப்படித்தான் என்றேன். அவன் கழுத்தின் பின்புறம் அழுக்குப் பிடித்ததுபோல் கறுத்திருந்தது. தேய்த்துக் குளிக்கச் சொன்னேன். அது அழுக்கு இல்லை, உடம்பு இன்சுலினை ஏற்க மறுக்கும்போது தோலில் தெரிகிற அடையாளம் என்று பிறகு டாக்டர் காட்டித்தான் தெரிந்தது.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை.

எங்கள் பக்கம் தென்னையைக் கள்ளுக்கு விடுவது சாதாரணம். என் தோப்பிலும் ஒரு வரிசை மரங்களை விட்டிருக்கிறேன். இறக்குகிறவர் ஆறுச்சாமி. காலையிலும் மாலையிலும் வந்து ஏறுவார். ஊரில் நான் குடிக்காத மனிதன். பால் அளவையும் கொழுப்பு அளவையும் எழுதுகிறவன் குடிக்கிறான் என்று தெரிந்தால் எவர் அந்தக் கணக்கை நம்புவார்? ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் தோப்பிலுள்ள மோட்டார் அறையின் மூலையில் சாக்குக்குப் பின்னால் ஆறுச்சாமி எனக்கு ஒரு பாட்டில் வைத்துவிட்டுப் போவார். சங்கத்தை அடைத்துவிட்டு, தண்ணீர் பாய்ச்சப் போகிறேன் என்று சொல்லிவிட்டு நான் அங்கே போவேன். பல வருடங்களாக நடந்த இந்த ஏற்பாடு எங்கள் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

அன்று மோட்டார் அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே நவீன் தரையில் உட்கார்ந்து, முழங்காலில் முகம் முட்டக் குனிந்திருந்தான். பக்கத்தில் வாந்தி. என் பாட்டில் சாய்ந்து காலியாகக் கிடந்தது. அவன் சட்டையெல்லாம் கள் வாடை. இரவு வேலை முடிந்து வந்தவனின் பைக் சாலையோரம் ஸ்டாண்டுகூடப் போடாமல் விழுந்து கிடந்ததை அப்போது நான் கவனிக்கவில்லை.

"அப்பா, வயிறு..." என்றான்.

நான் கன்னத்தில் அறைந்தேன். இருபத்து மூன்று வயது மகனை.

"நா குடிக்கலீங்கப்பா. வயித்துல குத்துதுங்க."

"உன்ற சட்டையே நாறுது. என்றகிட்டயே பொய் சொல்றியா?"

அவன் அந்தப் பாட்டிலை ஒரு முறை பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பார்வையைத் திருட்டுப் பிடிபட்டவனின் பார்வை என்று நான் எடுத்துக்கொண்டேன். எனக்கு வந்த கோபத்தில் பாதி, என் பாட்டிலை இவன் கண்டுபிடித்துவிட்டானே என்கிற பயம். இது அப்போதே எனக்குத் தெரியும்.

வீட்டுக்கு இழுத்து வந்து படுக்க வைத்தேன். யாராவது வந்தால் நைட் டூட்டி, தூங்குகிறான் என்று சொல்லச் சொன்னேன். போதை தெளிய மோர் கொடுப்பது எங்கள் வழக்கம். எங்கள் எருமைத் தயிரை, மேலே ஏடு படிந்த கெட்டித் தயிரை, கடைந்து பெரிய சொம்பில் கொடுத்து முழுவதையும் குடிக்க வைத்தேன். அரை மணி நேரத்தில் அவன் கட்டிலில் சுருண்டு கத்தத் தொடங்கினான்.

"ஏனுங்க, மேலெல்லாம் சில்லுனு வேர்த்து ஊத்துதுங்க. ஆசுபத்திரிக்குப் போலாமுங்க" என்றாள் சாந்தாமணி.

"சும்மா இரு. குடிச்சுப்போட்டுக் கெடக்கறவனத் தூக்கிட்டு ஆசுபத்திரிக்குப் போனா ஊரே சிரிக்கும். தெளிஞ்சா செரியாப் போயிரும்."

"தெளியறவன் இப்படியா கத்துவான்?"

அவள் மூன்று முறை கேட்டாள். மூன்று முறையும் நான் அதையே சொன்னேன். ஞாயிறு முழுவதும் போயிற்று. திங்கட்கிழமை விடிந்தபோது அவன் உதடு வறண்டு வெடித்திருந்தது, வயிறு பலகைபோல் இறுகியிருந்தது. சாந்தாமணி என்னிடம் மறுபடி கேட்கவில்லை. போனை எடுத்து அவளே கார் வரச் சொல்லிவிட்டாள்.

காரில் ஏறியபிறகும் நான் ஒன்று செய்தேன். எங்கள் ஊர்க்காரர்கள் பெரிய நோய் என்றால் கோயமுத்தூருக்குத்தான் போவார்கள். அங்கே எந்த மருத்துவமனைக்குப் போனாலும் நடையில் தெரிந்த முகம் ஒன்று இருக்கும். அதனால் டிரைவரிடம் பாலக்காட்டுக்கு விடச் சொன்னேன். தெரிந்தவர்கள் கண்ணில் படக்கூடாது என்பதைத் தவிர வேறு எந்தக் காரணமும் இல்லை.

அவசரப் பிரிவில் இருந்தது இளம் டாக்டர். வயிற்றில் கை வைத்ததுமே நவீன் துடித்தான். முன்னால் குனிந்தால் வலி குறைகிறதா, முதுகுக்குப் போகிறதா என்று கேட்டார். பிறகு, "குடிக்குமோ?" என்றார்.

"இல்லைங்க டாக்டர்" என்றான் நவீன்.

"அவன் சொல்றத எழுதாதீங்க" என்றேன் நான். "கள்ளு குடிக்கறானுங்க. நேத்துக் காலைலகூட. சட்டையெல்லாம் கள்ளு வாடை. நானே கண்ணால பாத்தேன்."

டாக்டர் எழுதினார். நவீன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். அன்று முழுவதும் நர்சுகள் அவனைக் குடிகாரனாகவே பார்த்தார்கள். கை நடுங்குகிறதா, உளறுகிறானா என்று அடிக்கடி வந்து சோதித்தார்கள். குடிப்பவர்களுக்குப் போடும் ஒரு வைட்டமின் ஊசியும் போட்டார்கள். மாலையில் குடியை நிறுத்த அறிவுரை சொல்லும் பெண் ஒருவர் வந்து, அவன் கட்டில் அருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து மென்மையாகப் பேசினார். மூக்கில் குழாயும் கையில் சலைனுமாகக் கிடந்தவன் கண்ணை மூடியபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான்.

இதற்கிடையில், அன்று மதியம் நடந்ததைச் சொல்ல வேண்டும். நோயாளியோடு இருப்பவரை அங்கே பைஸ்டாண்டர் என்கிறார்கள். இரத்தம் எடுத்த கண்ணாடிக் குழாய்களை லேபுக்கு எடுத்துப்போவது, ரிசல்ட் வாங்கி வருவது எல்லாம் அவர் வேலை. நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் லேப் பெண் என்னைக் கூப்பிட்டாள்.

"சேட்டா, இது ஆருடே? மோனா?" மகனுடையதுதான் என்றேன்.

அவள் கையிலிருந்த கண்ணாடிக் குழாயில் இரத்தம் அடியில் தங்கியிருந்தது. அதற்கு மேலே தெளிவான மஞ்சள் நீர் நிற்க வேண்டுமாம். என் மகனின் குழாயில் மேலே நின்றது வெள்ளை. கெட்டியான, ஆடை கட்டின மாதிரியான வெள்ளை.

"கண்டோ, பால் மாதிரி. மெஷின் இதுல ஒண்ணும் படிக்க மாட்டேங்குது. டாக்டரைக் கூப்பிட்டுப் பறஞ்சிட்டுண்டு. கொழுப்பு டெஸ்ட் தனியா போடணும்."

எத்தனையோ வருடங்களாகப் பாலில் கொழுப்புப் பார்க்கிறேன். இப்போது இயந்திரம் இருக்கிறது. அதற்கு முன்பு ஆசிட் ஊற்றி, குழாயைச் சுழற்றி, கழுத்தில் ஏறி நிற்கும் கொழுப்பை அளந்து எழுதுவோம். மேலே எவ்வளவு நிற்கிறதோ அவ்வளவு நல்ல பால். இரண்டு சொட்டுத் தண்ணீர் கலந்தாலும் கண்டுபிடிக்கிற கண் எனக்கு உண்டு என்று பெயர். அந்தக் கண் என் வீட்டில், என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டவனின் உடம்பைப் பார்க்கவே இல்லை. லேப் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பின்னால் நின்றவர் என்னை நகரச் சொல்லும் வரை நகரவில்லை.

மறுநாள் காலை பெரிய டாக்டர் அம்மா வந்தார். ஐம்பது வயதிருக்கும். சித்தூர்ப் பக்கம் வேலை பார்த்தவர், அதனால் தமிழ் நன்றாகவே வரும். என்னையும் சாந்தாமணியையும் உட்கார வைத்து, ஒரு காகிதத்தில் படம் போட்டுச் சொன்னார். எனக்குப் புரிந்த வரையில் எழுதுகிறேன்.

கணையம் என்பது இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிக் குறுக்கே கிடக்கும் ஒரு நீளமான சுரப்பி. அதற்கு இரண்டு வேலை. சாப்பிட்டதைச் செரிக்க வைக்கும் நீரைக் குடலுக்கு அனுப்புவது ஒன்று. சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் இன்சுலினை இரத்தத்தில் விடுவது இன்னொன்று. கணையம் அழன்றுவிட்டால், குடலுக்குப் போய் வேலை செய்ய வேண்டிய அந்த நீர் உள்ளேயே தங்கி, கணையத்தையே செரிக்கத் தொடங்கும். நவீனுக்கு வந்தது அதுதான். குடி ஒரு காரணம், பித்தப்பைக் கல் ஒரு காரணம். மூன்றாவது, இரத்தத்தில் ட்ரைகிளிசரைடு என்கிற கொழுப்பு அளவுக்கு மீறி ஏறுவது. இவனுக்கு அது ஆயிரங்களில் இருந்தது. நூற்றைம்பதுக்குள் இருக்க வேண்டுமாம்.

"ஸ்கேன்ல வேற ஒரு காரியம் கண்டேன்" என்றார். "கல்லீரல்ல கொழுப்பு இருக்கு. அது இப்ப நெறைய பேருக்கு இருக்கு. ஆனா இவனுக்குக் கணையத்துலயும் கொழுப்பு."

"அங்கயுமா கொழுப்புப் பிடிக்குமுங்க?" என்று சாந்தாமணி கேட்டாள்.

"ஆட்டுக்கறி வாங்கறப்போ பாத்திருப்பீங்களே, சதைக்கு நடுவுல வெள்ளை வெள்ளையா வரி ஓடும். அதுபோல. இடம் தீர்ந்துபோனா உடம்பு கொழுப்பை வேண்டாத இடத்திலெல்லாம் வெக்கும்."

அப்படிக் கொழுப்புப் படிந்த கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்கள் சோர்ந்துபோகலாம். நவீனுக்குச் சர்க்கரை நோயும் வந்திருந்தது. மூன்று மாதச் சர்க்கரை அளவைக் காட்டும் சோதனையில் தெரிந்தது, பல மாதங்களாகவே இருந்திருக்கிறது. கொழுப்பால் சர்க்கரை வந்ததா, சர்க்கரையால் கொழுப்புப் படிந்ததா என்று கேட்டேன். அது இன்னும் முழுதாகத் தீராத கேள்வி, ஆனால் இரண்டும் சேர்ந்தே வருவதைப் பார்க்கிறோம், அழற்சி வந்தால் அப்படிப்பட்ட கணையத்தில் அது கடுமையாகவும் போகலாம் என்றார். எடை குறைந்தால் இந்தக் கொழுப்பும் குறையும் என்பதுதான் ஆறுதல்.

பிறகு கேஸ் சீட்டைப் புரட்டினார். "குடியும் இருக்குன்னு எழுதியிருக்கு. எத்ர நாளா?"

நான் சரியாகத் தெரியாது என்றேன். அந்த நொடியிலும் என் மனதில் சந்தேகம் முழுதாகப் போகவில்லை. காலியான பாட்டில் என் கண்ணிலேயே நின்றது.

அன்றே ஐ.சி.யூ.வுக்கு மாற்றினார்கள். இன்சுலினைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். அது சர்க்கரையை மட்டுமல்ல, இரத்தத்திலுள்ள கொழுப்பையும் இறக்குமாம். வாய்வழியாக ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கிடையாது. நாக்கை நனைக்க ஈரப் பஞ்சு மட்டும். கணையத்துக்கு ஓய்வு கொடுப்பதுதான் முதல் மருந்து என்று நர்ஸ் சொன்னபோது, நான் ஊற்றிய அந்த ஒரு சொம்பு மோர் நினைவுக்கு வந்தது. டாக்டரிடம் அதைச் சொன்னேன். "தெரியாம செஞ்சது" என்று மட்டும் சொன்னார். அந்த நாட்களில் மூச்சு வாங்குகிறதா, சிறுநீர் சரியாகப் போகிறதா என்பதுதான் கேள்வி. சிறுநீரகம் பாதிக்கப்பட்டால் நிலைமை மாறும் என்று முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொண்டார்கள். கையெழுத்துப் போட்டது நான்.

பார்க்க ஒருவரை மட்டும் விடுவார்கள். நர்ஸ் கேட்டால் நவீன் சாந்தாமணியைத்தான் கைகாட்டினான். அவள் வெளியே வந்து எனக்கு எல்லாவற்றையும் சொல்வாள். கேன்டீனில் வாங்கிய இட்லியைப் பிரித்து எனக்கு வைப்பாள். தான் சாப்பிட மாட்டாள். மகனுக்கு ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்கும் வரை தனக்கும் சோறு இறங்காது என்றாள். என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் நான் கொஞ்சம் மூச்சு விட்டிருப்பேன்.

மூன்றாம் நாள் மதியம், கார் டிரைவரிடம் விசாரித்துக்கொண்டு ஆறுச்சாமி வந்தார். இரண்டு பஸ் மாறி, கையில் ஒரு பை இளநீரோடு. இவனுக்குக் கொடுக்க முடியாது என்றதும் அந்தப் பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டார்.

"தம்பி எப்படீங்க இருக்குது?"

"இருக்கறானுங்க. கள்ளக் குடிச்சுப்போட்டு இப்படிக் கொண்டாந்து வெச்சுட்டான்" என்றேன்.

ஆறுச்சாமி என்னை வினோதமாகப் பார்த்தார். "ஆரு குடிச்சது?"

"பாட்டில் காலியாக் கெடந்துச்சே."

"செகரட்டரி, நா அப்ப மரத்து மேல இருந்தனுங்க. தம்பி வண்டியப் போட்டுட்டு வயித்தப் புடிச்சுக்கிட்டு ஓடியாந்துச்சு. என்னைப் பாத்துச் சத்தம் போட்டுச்சு, 'அண்ணா, தண்ணி'ன்னு. ரூமுக்குள்ள போனதும் பாட்டில் உருள்ற சத்தம் கேட்டுச்சு. கால் இடறிச் சாஞ்சு, அது மேலயே உழுந்துருச்சுங்க. நா எறங்கி வாய்க்கால்ல தண்ணி மொண்டுட்டு வர்றதுக்குள்ள நீங்க இழுத்துட்டுப் போயிட்டீங்க. நீங்க இருந்த இருப்புல நா கிட்ட வர்றதுக்குப் பயந்துட்டேன்."

அவர் என்னை ஆறுதல்படுத்துவதாக நினைத்துக்கொண்டு மேலே பேசினார்.

"அது தொடாதுங்க. தொடறதா இருந்தா எப்பவோ தொட்டிருக்கோணும். உங்க பாட்டில் சங்கதி தம்பிக்கு ரெண்டு வருசமாத் தெரியுமே."

"என்ன தெரியும்?"

"ஒரு நா நா வெக்கறதப் பாத்துருச்சு. நா வெலவெலத்துப் போயிட்டேன். அது சொல்லுச்சு, 'அப்பாவுக்குத்தானுங்களே? புளிச்சது வெச்சறாதீங்கண்ணா, அவருக்கு வயித்துக்கு ஆகாது. புதுசா எறக்குனதே வெய்யுங்க. அம்மாகிட்டச் சொல்லிராதீங்க'ன்னு."

மோட்டார் அறையில் அவன் பாட்டிலைப் பார்த்து, பிறகு என்னைப் பார்த்தானே, அந்தப் பார்வைக்கு இப்போதுதான் பொருள் தெரிந்தது. 'அது உங்க பாட்டில்தானுங்கப்பா' என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். அறை வாங்கியபோது சொல்லவில்லை. அம்மா எதிரில் சொல்லவில்லை. அவசரப் பிரிவில் வலியில் துடித்துக்கொண்டு, நான் அவனைக் குடிகாரன் என்று எழுத வைத்தபோதுகூடச் சொல்லவில்லை. அறிவுரை சொல்ல வந்த பெண்ணிடமும் சொல்லவில்லை.

மறுநாள் டாக்டர் அம்மா சுற்றி வந்தபோது அவனை வார்டுக்கு மாற்றியிருந்தார்கள். வலி குறைந்து, முதல் முறையாகத் தெளிவான கஞ்சித் தண்ணீர் ஒரு கரண்டி கொடுத்திருந்தார்கள். நான் கட்டில் பக்கத்தில் நின்று சொன்னேன். "டாக்டர், பையன் குடிக்கறதில்லைங்க. நா சொன்னது தப்பு. அந்தச் சீட்டுல எழுதுனத எடுத்துருங்க."

"எழுதினதை அழிக்க முடியாது. கீழே திருத்தி எழுதலாம்." பேனாவைத் திறந்தவர் நிமிர்ந்தார். "பின்னே சட்டையில கள்ளு வாடைன்னு இருக்கே. அது ஆருடே கள்ளு?"

சாந்தாமணி நின்றிருந்தாள். நர்ஸ் நின்றிருந்தார். நவீன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தோட்டத்துல கள்ளு எறக்கறாங்க. அதுல ஒரு பாட்டில் சாஞ்சுருச்சுங்க" என்றேன்.

பொய் இல்லை. ஆனால் அது உண்மையும் இல்லை. டாக்டர் எழுதிக்கொண்டார். நவீன் கண்ணை மூடிக்கொண்டான். அவன் மேல் நான் போட்ட பழியை எடுத்துவிட்டேன். அதை எங்கே வைக்க வேண்டுமோ அங்கே வைக்கத் துணியவில்லை. என் மகனை அறைந்ததைவிட இதைத்தான் நான் அதிகம் நினைத்துப் பார்க்கிறேன். அறைந்தது கோபத்தில். இது நன்றாக யோசித்துச் செய்தது.

வீட்டுக்கு அனுப்பும் முன் டாக்டர், இந்தக் கொழுப்பு குடும்பத்தில் வரக்கூடியது, பெற்றோர் இருவரும் வெறும் வயிற்றில் பரிசோதிக்க வேண்டும் என்றார். சாந்தாமணிக்கு எல்லாம் சரியாக இருந்தது. எனக்கு ட்ரைகிளிசரைடு இருக்க வேண்டிய அளவைப்போல மூன்று மடங்கு. சர்க்கரையும் எல்லையைத் தாண்டியிருந்தது. லேபிலிருந்து அந்தக் காகிதத்தோடு வரும்போதே எனக்கு இன்னொரு காகிதம் நினைவுக்கு வந்துவிட்டது. சில வருடங்களுக்கு முன் எங்கள் சங்கத்திலேயே ஒரு மருத்துவ முகாம் நடந்தது. செயலாளர் என்பதால் முதலில் நான்தான் கையை நீட்டினேன். அந்த ரிப்போர்ட்டில் இதே வார்த்தைக்குக் கீழே சிவப்புக் கோடு போட்டு, குடும்பத்தாரையும் சோதிக்கவும் என்று எழுதியிருந்தது. குடியை விடச் சொல்வார்கள் என்று டாக்டரிடம் போகவில்லை. காகிதம் சங்கத்து மேசை இழுப்பறையில், பழைய ரசீதுப் புத்தகங்களுக்கு அடியில் இன்னும் இருந்தது. அப்பன் சொத்து என்று இந்தக் கொழுப்பைத்தான் நான் அவனுக்குக் கொடுத்திருக்கிறேன்.

நவீன் வீட்டுக்கு வந்தபின் எடைமேடையில் பகல் முறை கேட்டு வாங்கிக்கொண்டான். காலையில் வாய்க்கால் கரையோரம் நடக்கிறான். எண்ணெயும் இனிப்பும் நின்றுவிட்டன. அம்மாவிடம் பேசுவான். என்னிடம் கேட்டதற்கு மட்டும் பதில். "செரீங்க." "இல்லீங்க." "வெச்சுருக்கேனுங்க." மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. எனக்கு அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. ஆறுச்சாமியிடம் பாட்டில் வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அது ஒன்றும் பெரிய காரியமில்லை. யாருக்கும் தெரியாமல் தொடங்கியதை யாருக்கும் தெரியாமல் நிறுத்தினேன், அவ்வளவுதான்.

ஆறு வாரம் கழித்து மறுபரிசோதனைக்கு மூன்று பேரும் போனோம். இந்த முறை எனக்கும் ஒரு சீட்டு, எனக்கும் ஒரு நம்பர். நவீன் எட்டு கிலோ குறைந்திருந்தான். இரத்தத்தில் கொழுப்பும் இறங்கியிருந்தது. மாத்திரையைத் தொடர வேண்டும், இப்படியே போனால் கணையத்துக்கு நல்லது, சர்க்கரை மாத்திரையைக் குறைக்க முடியுமா என்று பின்னால் பார்க்கலாம், வாக்குக் கொடுக்க மாட்டேன் என்றார் டாக்டர் அம்மா. பிறகு என் புதுச் சீட்டை இழுத்துவைத்துக்கொண்டு, எல்லோரிடமும் கேட்பதுபோல வரிசையாகக் கேட்டார். வயது. வேலை. பீடி சிகரெட் உண்டா. இல்லை.

"குடிக்குமோ?"

அதே கேள்வி. பக்கத்து நாற்காலியில் நவீன் இருந்தான். அவன் என்னைப் பார்க்கவில்லை. சட்டென்று எழுந்து, சுவரில் மாட்டியிருந்த உடற்கூறுப் படத்தருகே போய், எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டான். நான் இல்லை என்று சொன்னால் அதைக் கேட்காதவனாக இருக்க இடம் செய்து கொடுக்கிறான் என்று எனக்குப் புரிந்தது.

"குடிப்பேனுங்க டாக்டர்" என்றேன். "கள்ளு. ரொம்ப வருசமா. அன்னைக்கு இவன் சட்டையில அடிச்ச வாடை, அது என்ற பாட்டிலுங்க. எனக்குன்னு வெச்சிருந்தது. பழிய இவன் மேல போட்டுட்டேன்."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். நான் சாந்தாமணியைப் பார்க்கப் பயந்து மேசையைப் பார்த்தேன்.

"எனக்குத் தெரியாதுன்னா நெனச்சீங்க?" என்றாள் அவள். "ஞாயித்துக்கெழமைச் சட்டையத் தொவைக்கறது ஆருங்க? பாட்டில் எனக்குத் தெரியும். அன்னைக்கு உங்க பாட்டிலத்தான் பையன் மேல போட்டீங்கன்னு, அதுதான் எனக்குத் தெரியாது."

அவள் குரல் உயரவில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்தச் சிறிய அறையில் என் குடும்பத்தில் இரண்டு பேர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

டாக்டர் அம்மா சீட்டின் பக்கம் குனிந்தார். "எத்ர குடிக்கும்? எழுதணும்."

"ஞாயித்துக்கெழமை ஒரு பாட்டிலுங்க. இப்ப நிறுத்திட்டேன்."

படத்தின் முன்னால் நின்றிருந்த நவீன் திரும்பினான்.

"முக்காப் பாட்டிலுங்க டாக்டர்" என்றான். "வெக்கறப்பவே காப் பாட்டில் ஆறுச்சாமி அண்ணன் குடிச்சுப்போட்டுத்தான் வெப்பாரு. இவருக்கு அதுவும் தெரியாது."

டாக்டர் சிரித்துவிட்டார். முக்கால் என்று எழுதிக்கொண்டார். நவீன் சொன்னது அவரைப் பார்த்துத்தான், என்னைப் பார்த்து இல்லை. வெளியே வரும்போது என் சீட்டையும் தன் சீட்டையும் அவனே வாங்கிச் சேர்த்து மடித்து, தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தான்.